கம்யூனிட்டி சோலார்: யாருடைய மின்சாரம்?

ரயில் நிலையக் கூரையில் அக்கம்பக்கத்து மக்களே பணம் போட்டுச் சோலார் தகடு வைப்பது, பிளாட்பாரம் ஓரத்தில் அவர்களே தோட்டம் போடுவது. இதைப் பற்றித் தெருவில் கொடுக்க ஒரு துண்டறிக்கை எழுதினேன். ‘கம்யூனிட்டி சோலார்’ என்பதற்குச் ‘சமூகச் சூரிய மின்சாரம்’ என்று போட்டிருந்தேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முதல் வரியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “எந்தச் சமூகத்துக்கு, தம்பி?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். ‘எங்க கம்யூனிட்டி’ என்றால் எங்கள் சாதி. ‘எங்கள் சமுதாயம்’ என்று மேடையில் பேசினாலும் பெரும்பாலும் அதே பொருள்தான். என் துண்டறிக்கை அவருக்கு ஏதோ ஒரு சாதிச் சங்கத்தின் அறிவிப்பாகத் தெரிந்திருக்கிறது.

மூலச் சொல்லில் இந்தப் பொருள் இல்லை. லத்தீனில் ‘கொம்மூனிஸ்’. ‘கொம்’ என்றால் சேர்ந்து. ‘மூனுஸ்’ என்றால் கடமை, செய்து தீர வேண்டிய வேலை. ஒரே இனத்தார் என்பதல்ல, ஒரு சுமையைச் சேர்ந்து சுமக்கிறவர்கள் என்பதே அடிப்படை. இதே வேரில் வந்த இன்னொரு சொல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் போதும், பெயர்ப் பலகைகளில் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று பார்க்கலாம். பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர் எல்லாம் கொம்யூன்கள்தான். 1880இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த உள்ளாட்சி அமைப்பின் பெயர் இன்னும் அழியவில்லை.

‘சமுதாயம்’ என்ற சொல்லின் பழைய கதை இன்னும் சுவையானது. ஒரு கிராமத்து நிலத்தைப் பிரிக்காமல் காணியாளர்கள், அதாவது நிலத்தில் பரம்பரை உரிமை உள்ளவர்கள், சேர்ந்து அனுபவிக்கும் முறைக்கே தமிழ்நாட்டில் ‘சமுதாயம்’ என்று பெயர் இருந்தது. நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் ‘அறுதிக்கரை’. அவ்வப்போது மாற்றிப் பங்கிட்டுக்கொண்டால் ‘கரையீடு’. ஆக, கூட்டு உடைமைக்கு நம்மிடம் பொருத்தமான சொல்லே இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டில் உழுதவர்களுக்கு இடம் இல்லை. காணி உரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். இன்றைக்கு அந்தப் பொருளும் மறைந்து, சாதிப்பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மீட்டெடுக்க ஆசைதான், ஆனால் துண்டறிக்கைக்கு ஆகாது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘பொது மின்சாரம்’ என்றால் அரசாங்கத்தினுடையது என்று ஆகிவிடும். பொதுப்பணித்துறை, பொதுத்துறை என்று காது பழகிவிட்டது. ‘கூட்டுறவு மின்சாரம்’ தப்பில்லை, ஆனால் அது ஒரு சட்ட வடிவத்தின் பெயர். முறைப்படி கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தால் மட்டுமே பொருந்தும். ‘ஊர்ப்பொது’ என்ற சொல்லில் எனக்குக் கொஞ்ச நாள் மயக்கம் இருந்தது. அழகான சொல். ஆனால் நம் பக்கத்தில் ஊர் ஒன்று, காலனி ஒன்று. ஊர்ப்பொதுக் கிணற்றில் யாருடைய வாளி இறங்கலாம், யாருடையது இறங்கக் கூடாது என்று இருந்ததை மறந்துவிட்டு அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் இப்போது எழுதுவது ‘கூட்டுடைமை மின்சாரம்’. பேச்சில் ‘கூட்டு மின்சாரம்’. கூட்டுப் பட்டா என்ன என்பது வாய்க்கால் ஓரம் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் தெரியும். அதில் எல்லார் பெயரும் இருக்கும். ஒருத்தர் மட்டும் முழு நிலத்தையும் விற்றுவிட முடியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கடற்கரையைத் தாக்கிய பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. காசு போட்டு ஒரு டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். வண்டியில் வைத்து வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போய், மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்து, வீட்டுக்கு இருபது நிமிடம். தொட்டி நிரம்பி வழிந்ததும் மாடியிலிருந்து சத்தம் வரும்; உடனே அடுத்த வீடு. நாற்பது பக்க நோட்டில் பெயரும் தொகையும் முறையும் எழுதி வைத்திருந்தோம். பணம் கொடுக்க முடியாத இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் போனது. அதில் ஒரு வீட்டுப் பையன்தான் தினமும் கயிறு இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினான். லத்தீன்காரர் ‘மூனுஸ்’ என்றது அந்த நோட்டில் இருந்தது.

இந்தச் சொல்லை எங்கே போடக்கூடாது என்பதும் முக்கியம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 1.5 மெகாவாட் சோலார் இருக்கிறது. நல்ல காரியம், ஆனால் அது ரயில்வேக்கானது, கூட்டுடைமை இல்லை. உங்கள் வீட்டு மாடியில் நீங்கள் வைப்பதும் இல்லை. கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பெயரில் வாங்கியதே, அது இந்தச் சொல்லுக்கு மிக நெருக்கம். லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதி மக்கள் 2012இல் குடியிருப்புக் கட்டடத்தின் மேல் வைத்த 37 கிலோவாட் சோலார், அச்சு அசலாக இதுதான். நம் வெயிலில் 1 கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், 100 சதுர அடி நிழலில்லாத கூரை போதும். அந்த 37 கிலோவாட் இங்கே இருந்தால் நாளைக்கு 150 யூனிட்டுக்குப் பக்கத்தில் வரும்.

அப்புறம், ‘எனர்ஜி கார்டன்’. லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயில் நிலையங்களில் மக்கள் தோட்டம் போடவும் சோலார் வைக்கவும் உருவான அமைப்பின் பெயர் அது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான். இதை ‘ஆற்றல் தோட்டம்’ என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் புரியாது. பெயரைப் பெயராகவே விட்டுவிடலாம். அந்தத் தோட்டத்துக்கு மட்டும் ‘ரயிலடித் தோட்டம்’ என்பேன். தேரடி, கோயிலடி மாதிரி ரயிலடியும் நல்ல புழக்கத்தில் உள்ள தமிழ். எங்கள் ரயிலடிக்குப் பெயரே பாதிரி மரத்தால் வந்தது. பாடலீசுவரர் கோயிலின் தலமரம் அது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் ஒரு பாதிரிக் கன்று நட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

துண்டறிக்கையைத் திருத்திப் பெரியவரிடம் மறுபடி கொடுத்தேன். முதல் வரி இப்போது இப்படி: ‘ரயிலடிக் கூரையில் கூட்டு மின்சாரம். பங்கு போடுகிற ஒவ்வொருவர் பெயரும் உடைமைப் பத்திரத்தில் இருக்கும்.’ படித்து முடித்து, பங்கு எவ்வளவு என்று கேட்டார்.