கேண்டி, கண்டி, கற்கண்டு

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்துச் செய்திகளில் 'பஞ்சு விலை ஒரு கேண்டிக்கு இவ்வளவு ரூபாய்' என்று அடிக்கடி வரும். இந்தக் கேண்டி மிட்டாய் இல்லை, 356 கிலோ எடை. தமிழில் அதன் பழைய பெயர் கண்டி. சென்னை மாகாணக் கணக்கில் 20 மணங்கு ஒரு கண்டி, அதாவது சுமார் 227 கிலோ. பம்பாய்க் கண்டி இன்னும் பெரியது. பருத்திச் சந்தையில் நிலைத்தது அந்தப் பெரிய கண்டிதான். நம் துறைமுகங்களில் ஐரோப்பிய வணிகர்கள் கேட்டு எழுதிக்கொண்ட சொல், ஆங்கில உச்சரிப்போடு நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

மிட்டாய்க் கேண்டி வந்த வழி வேறு. சமஸ்கிருதத்தில் கண்டம் என்றால் துண்டு. 'கண்டதுண்டமாக வெட்டினான்' என்கிறோமே, அதே கண்டம். கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கட்டிச் சர்க்கரைக்கும் அந்தப் பெயர் வந்தது. பாரசீகத்தில் அது கந்த் ஆனது. அரபி, இத்தாலி, பிரெஞ்சு வழியாக இடைக்கால இங்கிலாந்துக்கு 'சுகர் கேண்டி' என்று போய்ச் சேர்ந்தது. அப்புறம் சுகர் உதிர்ந்து கேண்டி மட்டும் நின்றது. நம் கற்கண்டில் உள்ள கண்டும் இதற்கு உறவுதான். ஒரு கற்கண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: சீவிவிட்டது போன்ற தட்டையான பக்கங்கள், கூரான விளிம்புகள், சிலவற்றின் நடுவே, படிகம் பற்றி வளர்ந்த நூல்கூட இருக்கும். துண்டு என்ற பெயர் அதற்கு அவ்வளவு பொருத்தம்.

இலங்கையின் கண்டிக்கும் சர்க்கரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. 'கந்த உட ரட்ட' என்றால் மலைமேல் உள்ள நாடு. போர்த்துக்கீசியர் அந்த நீளமான பெயரின் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அது இன்றைய பெயரானது.

சரி, வேறு வேறு சொற்கள் எப்படி ஒரே ஒலியில் வந்து முட்டுகின்றன? ஒவ்வொரு மொழியும் வெளிச்சொல்லைத் தன் ஒலிகளுக்குள் அடக்கிக்கொள்ளும். துண்டைக் குறிக்கும் கண்டம், ஜாதகத்தில் சொல்லும் 'தண்ணீரில் கண்டம்', நீலகண்டனின் தொண்டையான கண்டம் ஆகிய மூன்றும் சமஸ்கிருதத்தில் மூன்று வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குபவை. தமிழில் அத்தனைக்கும் ஒரே 'க'. அதனால்தான் மொழியியலாளர்கள் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு சொல்வதில்லை. அந்தச் சொல்லின் பழைய எழுத்துச் சான்று எங்கே, எந்தப் பொருளில், எந்த வணிகப் பாதையில் நகர்ந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகிறார்கள்.

கண்டியில் சிங்களர்கள் தங்கள் ஊரை மகநுவர என்பார்கள், சுருக்கமாக நுவர. பெருநகரம் என்று பொருள். அங்கே மும்மொழிப் பெயர்ப்பலகைகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கண்டி என்றே இருக்கும். மலையைக் குறிக்கும் அந்தச் சிங்களச் சொல் இல்லாதது சிங்கள வரியில் மட்டும்தான்.