வல்லரசு வேறு, மீவல்லரசு வேறு

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எந்தப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனாலும், எந்தப் பட்டிமன்றத்தில் உட்கார்ந்தாலும் ஒரு வரி தப்பாமல் வந்துவிடுகிறது: "2020இல் இந்தியா வல்லரசாகும் என்று கலாம் கனவு கண்டார்." கலாம் 2020க்கு வைத்த இலக்கு வளர்ந்த இந்தியா. ஒய்.எஸ். ராஜனுடன் சேர்ந்து 1998இல் அவர் எழுதிய நூலும் சரி, குடியரசுத் தலைவராக இருந்தபோது ஊர் ஊராகப் பேசியதும் சரி, அதைத்தான் சொல்கின்றன. அவர் அடுக்கிய ஐந்து துறைகளைப் பாருங்கள்: வேளாண்மையும் உணவு பதப்படுத்தலும், கல்வியும் மருத்துவமும், தகவல் தொழில்நுட்பம், மின்சாரம் சாலை போன்ற கட்டமைப்பு, முக்கியத் தொழில்நுட்பங்களில் தற்சார்பு. இதில் வல்லரசு எங்கிருந்து வந்தது? மொழிபெயர்த்தவர் கையிலிருந்து வந்தது. 2020 கடந்ததும் மேடைகள் அதே வரியை 2047க்கு மாற்றி எழுதிக்கொண்டன. ஒன்றிய அரசு அந்த ஆண்டுக்கு வைத்த 'விக்சித் பாரத்' என்ற இலக்குக்கும் பொருள் வளர்ந்த பாரதம்தான். சுவிட்சர்லாந்து வளர்ந்த நாடு, வல்லரசு இல்லை. சோவியத் ஒன்றியம் வல்லரசுக்கும் மேலே நின்ற நாடு, அங்கே மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள்.

மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். 'அமெரிக்காவை முந்துமா சீனா?' என்று அலசுகிற கட்டுரைகளும் இந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு திணறுகின்றன. சீனா வல்லரசாகிவிட்டது என்று ஒரு பத்தி சொல்லும், வல்லரசாகத் துடிக்கிறது என்று அடுத்த பத்தி சொல்லும். ஆங்கில மூலத்தில் அவை இரண்டு சொற்கள்: 'கிரேட் பவர்', 'சூப்பர்பவர்'. முன்னது வல்லரசு, பின்னதை நான் மீவல்லரசு என்பேன். தமிழில் இரண்டுக்கும் வல்லரசு என்று போட்டுவிட்டால், படிப்பவர் எதை நம்புவார்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வல் + அரசு. வலு, வலிமை, வல்லமை, வல்லவர், வல்லுநர், வல்லடி எல்லாம் ஒரே குடும்பம். இங்கே அரசு என்பது ஆட்சி நடத்தும் அலுவலகம் அல்ல, நாடு என்னும் அமைப்பு. நெப்போலியனை அடக்கியபின் 1814-15இல் வியன்னாவில் கூடிய பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா, பிறகு இடம்பெற்ற பிரான்ஸ் ஆகியவற்றைக் குறித்த 'கிரேட் பவர்' என்ற தொடருக்கு வல்லரசு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். 'சூப்பர்பவர்' அதற்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது. 1920களில் அமெரிக்காவில் அது பல மின்நிலையங்களை ஒரே வலையாக இணைக்கும் திட்டத்துக்குப் பெயர். நாடுகளுக்கு அதை நிலைநிறுத்தியவர் வில்லியம் ஃபாக்ஸ் என்ற அரசியல் அறிஞர், 1944இல். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றையும் அப்படி அழைத்தார்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் தவறவிட்டது அவர் கொடுத்த வரையறையைத்தான். பெரிய வலிமையும் வேண்டும், அந்த வலிமையை வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் பெரிய ஆற்றலும் வேண்டும் என்றார். இரண்டாவது பாதிதான் அந்தச் சொல்லின் உயிர். கிணற்று மோட்டார் வாங்குகிற எந்த விவசாயியும் இதை உடனே பிடித்துக்கொள்வார். தகட்டில் 5 குதிரைத்திறன் என்று இருக்கும். ஆனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஹெட்டுங்க?" உயரம் ஏற ஏற அதே மோட்டார் தள்ளும் தண்ணீர் குறையும், ஓர் அளவுக்கு மேல் மோட்டார் ஓடும், குழாயில் சொட்டும் வராது. வல்லரசு என்பது தகட்டில் உள்ள எண். மீவல்லரசு என்பது மேட்டுக்காட்டின் கடைசி வரப்பில் விழுகிற தண்ணீர்.

ஃபாக்ஸின் பட்டியலிலிருந்து பிரிட்டன் எப்படி விழுந்தது என்பதே இதற்குச் சான்று. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக பிரான்சோடும் இஸ்ரேலோடும் சேர்ந்து எகிப்தின்மேல் இறங்கியது. கடற்படை இருந்தது, வான்படை இருந்தது, அணுகுண்டும் இருந்தது. பவுண்டு சரிந்தபோது அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது, பன்னாட்டு நிதியத்தின் உதவிக்கும் முட்டுக்கட்டை போட்டது. படை திரும்ப வேண்டியதாயிற்று. அன்றைக்கும் பிரிட்டன் வல்லரசுதான்.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்காவிடம் அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல்கள் 11, சீனாவிடம் விமானந்தாங்கிகள் 3, இந்தியாவிடம் 2. இதை வைத்து 11க்கு 3 என்று கணக்குப் போடக் கூடாது. ஒரு கப்பல் கடலில் நின்றால் ஒன்று பயிற்சியில் இருக்கும், ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும். ஆகவே 11 வைத்திருப்பவர் எப்போதும் மூன்று நான்கைத் தொலைகடலில் நிறுத்தலாம், 3 வைத்திருப்பவர் ஒன்றை உறுதியாக நம்பலாம், 2 வைத்திருப்பவருக்குச் சில மாதங்கள் ஒன்றும் இல்லாமலும் போகலாம். எடையும் வேறு: அமெரிக்கக் கப்பல் ஏறத்தாழ 1,00,000 டன், நம் விக்ராந்த் 45,000 டன் அளவு. விக்ராந்தில் விமானம் வளைந்த மேடையில் ஓடி எழுகிறது, அதை இழுத்து எறியும் பொறி கப்பலில் இல்லை. அதனால் முழு எரிபொருளும் முழு ஆயுதமும் ஏற்றிக்கொண்டு எழுவது கடினம், எழும் எடை குறைந்தால் போகும் தூரமும் குறையும். வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள் அமெரிக்காவிடம் 400க்கும் மேல், நம் வான்படை வாங்கிய ஐஎல்-78 வெறும் 6. அமெரிக்காவுக்கு ஜப்பானில் யோகோசுகா, பசிபிக்கில் குவாம், இந்தியப் பெருங்கடலில் டியாகோ கார்சியா என்று உலகெங்கும் தளங்கள். சீனா வெளிநாட்டில் முதல் படைத்தளத்தை ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் திறந்ததே 2017இல்தான். ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனக் கணக்கில் 2024இன் படைச்செலவு: அமெரிக்கா 99,700 கோடி டாலர், சீனா மதிப்பீடாக 31,400 கோடி, இந்தியா 8,610 கோடி. சீனாவில் ஆள்கூலியும் தளவாட விலையும் குறைவு என்பதால் உண்மை இடைவெளி இதைவிடச் சிறியது. இருந்தாலும் இடைவெளி இடைவெளிதான்.

பணத்தால் மட்டும் தாண்ட முடியாத இடமும் உண்டு. சூலூர் விமானத்தளத்தில் நிற்கும் தேஜஸ் போர் விமானம் நம் சொந்த வடிவமைப்பு, அதன் எஞ்சின் அமெரிக்க எஃப்-404. அதற்காக 1980களில் இங்கேயே தொடங்கிய காவேரி எஞ்சின் தேவையான உந்துவிசையை எட்டாததால் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. சிக்கல் டர்பைன் இதழில் தொடங்குகிறது. அதன்மேல் பாயும் வளியின் வெப்பம் இதழ் உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். அதனால் நிக்கல் கலவையை, உள்ளே காற்று ஓடும் துளைகளோடு, ஒரே படிகமாக வார்க்க வேண்டும். பீங்கான் கருவைச் சுற்றி மெழுகு மாதிரி, அதன்மேல் அடுக்கடுக்காகப் பீங்கான் பூச்சு, மெழுகை உருக்கி வெளியேற்றல், வெற்றிடத்தில் வார்த்தல் என்பது வரை கோவைப் பவுண்டரிக்காரர்களுக்குப் புரியும் வேலைதான். பிறகு அச்சை உலையிலிருந்து மெள்ள மெள்ள இறக்கி, கீழிருந்து ஒரே படிகம் வளரும்படி பார்க்க வேண்டும். இடையில் இன்னொரு படிகம் முளைத்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டில் இதழ் சூட்டில் நீண்டு விரிசல் விடும். சீனாவும் இதே இடத்தில் பல ஆண்டுகள் ரஷ்ய எஞ்சினை நம்பி நின்றது.

மாற்றுச் சொற்களுக்கு வருகிறேன், சண்டை இங்கேதான்.

'பேரரசு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சோழப் பேரரசு, விசயநகரப் பேரரசு என்று பிற மண்ணைத் தன் ஆட்சிக்குள் வைத்த அமைப்புக்கு ஆகிவந்த சொல். ஜப்பானை அமெரிக்கா இன்று ஆளவில்லை, அங்கே தளம் வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு எழுதினால் வரலாறும் கெடும், அரசியலும் கெடும். 'வல்லாதிக்கம்', 'ஏகாதிபத்தியம்' இரண்டும் குற்றச்சாட்டுகள். ஒரு நாட்டின் நடத்தையைக் கண்டிக்க அவை வேண்டும், அதன் ஆற்றலை அளக்க உதவா. 'மேலாதிக்கம்' பிறர்மேல் செலுத்தும் ஆளுமையைச் சொல்கிறது, அதையும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். 'அதிவல்லரசு' என்பதை நான் ஏற்கவே மாட்டேன். வல்லும் அரசும் நம்மிடம் இருக்க, முன்னொட்டுக்கு மட்டும் வடமொழியில் கடன் எதற்கு? தூய்மை ஒருபக்கம் இருக்கட்டும், பொருளும் சறுக்குகிறது: அதிவேகம், அதிகாலை என்று பழகிய காதுக்கு அது 'மிகவும் வலிமையான' என்றுதான் கேட்கும், வேறு வகை என்று கேட்காது. 'சூப்பர் பவர்' என்று தமிழ் எழுத்தில் போட்டுவிடுவது சோம்பல். அந்தச் சொல் பறக்கும் நாயகர்களுக்குப் போய்விட்டது.

மீவல்லரசுதான் சரி. மீ என்றால் மேல். மீது என்று நாள்தோறும் புழங்குகிறோம், கப்பலோட்டிக்கு மீகாமன் என்ற பழஞ்சொல் இருக்கிறது, 'சூப்பர் கம்ப்யூட்டருக்கு' மீக்கணினி வந்துவிட்டது. வல்லரசுக்கு மேலே ஒரு படி என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது, வல்லரசும் தன் இடத்தில் பிழைத்துக்கொள்கிறது. நகர்த்தும் ஆற்றல் இதில் எங்கே என்று கேட்பார்கள். ஆங்கிலச் சொல்லிலும் அது இல்லை, வரையறைதான் சுமக்கிறது. ஒரு குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: கணினித் துறையில் மீத்தரவு (மெட்டாடேட்டா), மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்) என்று வேறு வேறு முன்னொட்டுகளுக்கும் இதே மீயைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அந்தத் தவறுக்காக மீயைக் கைவிட முடியாது.

தமிழுக்கு இந்தப் பிரிப்பு கைவராது என்று சொல்பவர்கள் கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். ஒரே 'பவர்' சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஆகிறது, மோட்டார் தகட்டில் குதிரைத்திறன் ஆகிறது, மின்வெட்டில் மின் ஆகிறது, பத்திரப் பதிவில் அதிகாரம் ஆகிறது. வேலைக்குத் தக்க சொல்லை நெசவாளரும் பட்டறைக்காரரும் தேர்ந்துவிட்டார்கள். மேடையும் செய்தி மேசையும்தான் தேறவில்லை. படையைத் தொலைவில் செலுத்தும் ஆற்றலைக் குறிக்கும் 'பவர் புரொஜெக்‌ஷன்' என்ற தொடரை 'அதிகாரத் திட்டம்' என்று பெயர்க்கிற கை எதைப் படித்துப் பெயர்த்தது? போருக்குப் புறப்பட்டுச் செல்வதற்கென்றே வஞ்சி என்று தனித் திணை வகுத்த மொழி இது. ஆநிரை கவர்வது வெட்சி, முற்றுகை உழிஞை, நேருக்கு நேர் மோதல் தும்பை, மேற்செல்வது வஞ்சி. செல்வதும் மோதுவதும் வேறு என்று தொல்காப்பியமே பிரித்துவிட்டது. 1025இல் இராசேந்திரன் கடாரத்துக்குக் கப்பலில் படை அனுப்பியது வஞ்சியின் உச்சம்.

வள்ளுவரும் வலிமையை ஒற்றை எண்ணாகப் பார்க்கவில்லை. வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்று நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். கொங்கு மண் இதைத் தன் வரலாற்றிலேயே கண்டது. மைசூர் அன்று எழுந்துவந்த வல்லரசு, ஏவுகணைப் படையும் குதிரைப் படையும் தன்வலி. கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கடல்வழியாக ஆளும் பணமும் வந்துகொண்டே இருந்தன, நிசாம் துணைவலியாக நின்றார், 1792இல் முடிந்த போரில் மராத்தியரும் நின்றார்கள். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கோவை கும்பினி கைக்குப் போனது.

அப்படியானால் சீனா முந்துமா? 'முந்து' என்ற வினையிலேயே கோளாறு இருக்கிறது. முந்துவதற்கு ஒரே பாதை, ஒரே கோடு வேண்டும். சீனக் கடற்படையில் கப்பல்கள் 370க்கு மேல், அமெரிக்காவிடம் 300க்குக் கீழ். ஆகவே எண்ணிக்கையில் சீனா மிஞ்சிவிட்டது, மொத்த எடையில் மிஞ்சவில்லை. உலகின் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் சீனத் துறைகளில் கட்டப்படுகின்றன, சேதமானதை ஈடுகட்டும் வேகத்தில் அமெரிக்காவால் அதனோடு போட்டி போட முடியாது. தைவான் நீரிணை குறுகிய இடத்தில் 130 கிலோமீட்டர் அளவுதான். யோகோசுகா, குவாம் தளங்களில் இருப்பது போக, அமெரிக்காவின் மற்றப் படை பசிபிக்கையே கடந்து வர வேண்டும். அந்தக் கடலோரத்தில் சீனா அமெரிக்காவை விஞ்சக்கூடும், இப்போதே நெருங்கிவிட்டது என்பது என் கணிப்பு. அட்லாண்டிக்கிலோ கரீபியனிலோ படை நிறுத்திப் பல மாதம் சோறு போட அதற்கு இன்னும் தளம் இல்லை, எரிபொருள் விமானம் போதாது, உடன்படிக்கையால் கட்டுண்ட துணைநாடு வட கொரியா ஒன்றுதான்.

ஆகவே தலைப்பு எழுதும் துணையாசிரியர்கள் செய்ய வேண்டியது இது. சீனாவை வல்லரசு என்று தயங்காமல் எழுதலாம். மீவல்லரசு என்பதற்கு முன்னால் 'ஆகிவரும்' என்ற சொல் இப்போதைக்கு இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வட்டார வல்லரசு என்பது பொருந்தும். 'முந்தியது' என்று போட்டால் எதில், எந்தக் கடலில் என்பதும் அதே வரியில் வர வேண்டும். 2047ஐப் பற்றி எழுதினால் வளர்ந்த நாடு என்று மட்டும் எழுத வேண்டும்.