தென்னைக்குத் தேமல் விழுமா?

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தபோது தோப்புக்காரர் கேட்டார்: “தம்பி, மரமெல்லாம் தேமல் விழுந்த மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கே, மருந்து அடிக்கணுமா?” வேண்டாம் ஐயா என்றேன். அது நோய் இல்லை. பட்டைமேல் குடியிருக்கும் வேறோர் உயிர். பெயர் லைக்கன்.

மரப்பாசி என்றும் சொல்கிறார்கள், ஆனால் அது வெறும் பாசி அல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது; உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. 1867-இல் சுவிட்சர்லாந்தின் ஸைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் அறிஞர்கள் பலர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மரத்திடமிருந்து அது சாறு எதையும் உறிஞ்சுவதில்லை. வேரே கிடையாது. ஒட்டிக்கொள்ள ஓர் இடம் போதும். அதனால்தான் பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும் கொய்யாவில் அது நிலைப்பது கஷ்டம். தென்னையிலும் மாமரத்திலும் சாவகாசமாகப் பரவும். நமக்கு லைக்கன் ஒன்றும் புதிதல்ல. செட்டிநாட்டுக் குழம்புக்கு வாசம் தரும் கல்பாசி லைக்கன்தான்.

சரி, மரத்தில் இருப்பது லைக்கன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திட்டின் ஓரத்தில் ஒரு கடுகளவு இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைத் தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் லைக்கன். சுரண்ட மனமில்லையென்றால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்திருக்கும்போது அதன் மேல்தோல் ஒளியை உள்ளே விடாமல் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரிகிறது. நனைந்ததும் தோல் கண்ணாடிபோல் ஆகி, அடியில் இருக்கும் பாசி பச்சையாக எட்டிப் பார்க்கும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் மரங்கள் பச்சைச் சட்டை போட்டதுபோல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், செங்காவி நிறத்தில் வெல்வெட் துணி மாதிரிப் படர்ந்திருந்தால் ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் டிரெண்டிபோலியா என்ற பாசி. பச்சைப்பாசி இனம்தான், உடம்பில் நிறைந்திருக்கும் காரட் நிறமி அதைச் சிவக்க வைக்கிறது.

அடுத்து வடிவம். பெயிண்ட் அடித்ததுபோல் பட்டையோடு பட்டையாக ஒட்டி, பிரித்தெடுக்கவே முடியாதது ஒரு வகை. ஓரம் இலைபோல் மடல் மடலாகப் பிரிந்திருப்பது இன்னொன்று. கல்பாசி இந்த வகை. தாடிபோலவோ குட்டிப் புதர்போலவோ தொங்குவது மூன்றாவது. ஈரக்காற்றும் பனியும் வேண்டும் என்பதால், தாடி லைக்கனைப் பார்க்கக் கொடைக்கானல் ஏறுவதுதான் நல்லது. மதுரையின் வறண்ட சமவெளியில் முதல் இரண்டையும் பார்க்கப் பழகிக்கொண்டாலே போதும்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த கட்டம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, பூஞ்சை வித்துகளை வெளியிடும் இடத்தைத் தேட வேண்டும். சிலவற்றில் அது குட்டித் தட்டுபோல வட்டமாக இருக்கும். கிராபிஸ் குடும்பத்தில் கறுப்புக் கோடுகள். நேராக, வளைந்து, கிளைவிட்டு. மாங்குளம் குன்றில் தமிழி எழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு, யாரோ அதே கையெழுத்தில் மாமரத்திலும் கிறுக்கிப் போனதுபோல் தோன்றும். ஒவ்வொரு கோடும் வித்துகள் வெளியேறும் ஒரு மெல்லிய பிளவு. கோட்டின் உதடுகள் மூடியிருக்கின்றனவா, விரிந்திருக்கின்றனவா, பள்ளம் பள்ளமாக வரி ஓடுகிறதா என்பதை வைத்தே இனங்களைப் பிரிக்கிறார்கள். எனக்கு ஒரே மரத்தில் அரை மணி நேரம் போய்விடும்.

இதற்கு மேல் கண் மட்டும் போதாது, வேதியியல் வேண்டும். பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர் 1866-இல் ஒரு வழி காட்டினார்: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலையோ பிளீச்சிங் கரைசலையோ ஒரு சொட்டு விட்டால், சில லைக்கன்கள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும், சில மாறாது. பூஞ்சை சேர்த்துவைக்கும் அமிலங்கள் இனத்துக்கு இனம் வேறு என்பதே காரணம். நகரத்துக் காற்று கெட்டால் லைக்கன் அழிவதை, பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தை வைத்து அதே ஆண்டில் எழுதியவரும் அவர்தான். வேர் இல்லாத உயிர் காற்றிலும் மழையிலும் வருவதைத்தானே உண்ண வேண்டும்?

பொட்டாசியம் கரைசல் வீட்டில் இருக்காது. ஆனால் கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு இருக்கிறதே, அது போதும். சாம்பல் வெள்ளையில், மடல் விட்டு, பட்டையோடு அழுந்திக் கிடக்கும் இரண்டு லைக்கன்கள் இந்தியாவின் வெப்பமான ஊர்களில் உண்டு: பிக்ஸைன் கோகோஸ், டிரினாரியா. பகலில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிக்ஸைன் கோகோஸின் மேல்தோலில் மட்டும் லைக்கெக்ஸாந்தோன் என்ற பொருள் இருக்கிறது.

இருட்டிய பிறகு தோப்புக்காரரிடம் ஒரு மரத்தைக் காட்டி விளக்கை அடித்தேன். ஒரு திட்டு பளிச்சென்று மஞ்சளாக ஒளிர்ந்தது. ஒரு சாண் தள்ளி இருந்த இன்னொன்று அசையாமல் இருட்டாகவே கிடந்தது. அவர் விளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.