பில் போட செல்போன் எண் கட்டாயமா?

கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு துண்டு வாங்கினாலும், பில் போடும் இடத்தில் முதலில் கேட்பது செல்போன் எண்ணைத்தான். அதையும் கொங்கு நாட்டு வழக்கப்படி 'ங்க' சேர்த்து மரியாதையாகக் கேட்பதால் மறுக்க வாய் வருவதில்லை. தாராளமாக மறுக்கலாம். அதற்காகப் பில் தர முடியாது என்று கடைக்காரர் சொல்ல முடியாது.

ஜி.எஸ்.டி. விதிப்படி, பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளரின் பில் 50,000 ரூபாயைத் தொட்டால்தான் பெயரும் முகவரியும் அதில் கட்டாயம். அங்கும் செல்போன் எண் இல்லை. "எண் இல்லாமல் கம்ப்யூட்டர் ஏற்காது" என்பது கடை வாங்கிய மென்பொருளின் குறை, சட்டம் அல்ல. போனும் முகவரியும் இல்லாமல் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் இரவைக் கழிக்கும் ஒருவர் காசோடு வந்து வேட்டி கேட்டால், அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யுமோ!

எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிக அமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த விவரங்களைச் சட்ட அனுமதியின்றி அடுத்தவருக்குக் கொடுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிடக் கறாரானது. எதற்காக எண் வாங்குகிறோம் என்பதைக் கடை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேட்டால் தமிழிலேயே. பில்லுக்குக் கொடுத்த சம்மதம் விளம்பரத்துக்குச் செல்லாது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறலாம். போதிய பாதுகாப்பில்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும், எண்ணைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பைசாவும் இல்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. கடைகளின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது, அதாவது 2027 மே வரை.

தீபாவளிக் குலுக்கல் கூப்பனில் பெயர், எண், பிறந்தநாள், திருமண நாள் வரை எழுதிப் பெட்டியில் போடுகிறோமே, அந்தத் தாளை இந்தச் சட்டம் தொடாது. அதைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் சட்டம் பொருந்தும். சேலைக்கடைப் பரிசுக்குத் திருமண நாள் எதற்கு என்று கேட்டுவிட்டு அந்த வரியைக் காலியாக விடுங்கள்.

இந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் நமக்கும் கடமை உண்டு. அடுத்தவராக நடித்து விவரம் தருவதும் பொய்ப்புகார் கொடுப்பதும் 10,000 ரூபாய் வரை அபராதத்துக்குரியவை. தொல்லையைத் தவிர்க்க வாய்க்கு வந்த பத்து இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அது பெருந்துறையிலோ தாராபுரத்திலோ இருக்கும் யாரோ ஒருவரின் எண்ணாக இருக்கலாம். "வேண்டாங்க" என்று சொன்னால் போதும்.

விளம்பரக் குறுஞ்செய்திகள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால், 1909-க்கு அழைத்துத் தடை பதிவு செய்யலாம்.