கொஞ்சம் நீளமாகிப் போன கண்

கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவரா நீங்கள்? அதைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்த எழுத்தை மூக்கருகே கொண்டுவாருங்கள். பிறகு மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் எழுத்தின் ஓரம் கலங்கத் தொடங்கும். கண்ணிலிருந்து அந்த இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் ஏறக்குறைய உங்கள் பவர். 50 சென்டிமீட்டர் என்றால் மைனஸ் 2. 25 என்றால் மைனஸ் 4. கண் மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் அந்த எண், உங்கள் தெளிவான உலகம் எங்கே முடிகிறது என்பதைத்தான் சொல்கிறது.

ஏன் அங்கே முடிகிறது? கருவிழியும் அதன் பின்னாலுள்ள லென்ஸும் சேர்ந்து, வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து சுமார் 60 டயாப்டர் திறன் உண்டு (கண்ணாடி ‘பவரை’ அளக்கும் அலகுதான் டயாப்டர்). கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலான கண்களில் இந்த இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. விழிக்கோளம்தான் முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டுவிட்டது. தூரத்துப் பொருளின் ஒளி திரைக்கு முன்னாலேயே குவிந்து, அப்புறம் விரிந்து, கலங்கலாகத் திரையில் விழுகிறது. 1604-இலேயே வானியலாளர் கெப்ளர் இதைச் சரியாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டால் போதும், இரண்டரை முதல் மூன்று டயாப்டர் ஏறிவிடும். ‘கண் பலவீனம்’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. இது அளவுக்கு மேல் வளர்ந்த கண்.

பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 24-ஐ ஒட்டி இருக்கும். இந்த ஏழு மில்லிமீட்டரை வளரும்போது எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்கிறார்கள்? 1977-இல் வீசல், ரவியோலா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட குரங்குக்குட்டி ஆய்வில்தான் ஒரு பெரிய தடயம் கிடைத்தது. இமை தைத்து மூடப்பட்ட கண் நீளமாக வளர்ந்திருந்தது. தெளிவான பிம்பம் கிடைக்காத கண்ணுக்கு நிற்கத் தெரியவில்லை. பத்து ஆண்டு கழித்து, கோழிக்குஞ்சுகளின் பார்வைப் புலத்தில் பாதியை மட்டும் மங்கலாக்கிப் பார்த்தார்கள். அந்தப் பாதிக்கு நேரான பகுதி மட்டும் பெரிதாக வளர்ந்தது! பார்வை நரம்பை வெட்டிவிட்ட கண்ணிலும் இப்படி நடந்தது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், விழித்திரையே தன் மேல் விழும் பிம்பத்தைப் பார்த்து வளர்ச்சியை நடத்துகிறது. இந்த ஆய்வுகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்றைய சிகிச்சைகள் பலவற்றுக்கும் இதுதான் வேர்.

பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் ஓரிரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. 2050-இல் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த வேகத்துக்குக் காரணம் வாழ்க்கைமுறைதான். பழியை முழுக்க போன் மேல் போடுகிறோம். ஆனால் முகத்திலிருந்து 15 சென்டிமீட்டரில் பிடித்திருக்கும் புத்தகமும் கண்ணுக்கு அதே தூரம்தான். எவ்வளவு கிட்டத்தில், எத்தனை நேரம் இடைவிடாமல் என்பதைப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். விளக்கு போட்ட அறையில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வெளியே மர நிழலில் நின்றாலே சில ஆயிரம், வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளை அதிகம் சுரக்கிறது, அது வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பதே இப்போதைக்கு வலுவான விளக்கம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் மற்றப் பிள்ளைகளில் 39.5 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, இவர்களில் 30.4 சதவீதம். தைவான் 2010-இலிருந்து தினம் இரண்டு மணி நேரத்தை இலக்காக வைத்திருக்கிறது. பவர் வந்த பிறகு விளையாட விடுவதைவிட, வருவதற்கு முன்பே விடுவதில்தான் பலன் அதிகம்.

தனக்குத் தெரியவில்லை என்று குழந்தை வந்து சொல்லாது. எனக்குப் பத்து வயதில் முதல் கண்ணாடி போட்ட அன்றுதான், சுவர்க் கடிகாரத்தில் மூன்றாவதாக ஒரு மெல்லிய முள் ஓடிக்கொண்டிருப்பதே தெரிந்தது. அதுவரை கடிகாரம் என்றால் இரண்டு முள்தான் என்று நினைத்திருந்தேன். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, டிவிக்கு அருகிலேயே போய் உட்கார்ந்தாலோ தாமதிக்காமல் கூட்டிப்போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிப்பதற்குத் தயங்க வேண்டாம். குழந்தையின் லென்ஸ் தானாகவே இறுக்கிக்கொள்ளும், அதைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் தெரியும்.

கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்று பயந்து, குறைத்துப் போடச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2002-இல் வெளிவந்த மலேசிய ஆய்வில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கே பவர் வேகமாக ஏறியது. கண்பயிற்சியும் நீண்ட கண்ணைக் குறுக்காது.

ஆனால் சாதாரணக் கண்ணாடி பிம்பத்தைத் திரைக்குக் கொண்டுவருமே தவிர, வளர்ச்சியைத் தடுக்காது. அதற்குத் தனி வழிகள் உண்டு. இரவில் விடும் நீர்த்த அட்ரோபின் சொட்டு ஒன்று. 0.01, 0.025, 0.05 சதவீதங்களை ஹாங்காங்கில் ஒப்பிட்டதில் 0.05 நன்றாக வேலை செய்தது. இன்னொன்று, நடுப்பகுதி வழக்கம்போல இருக்க, சுற்றிலும் நுண்லென்ஸ்கள் பதித்த கண்ணாடி. அந்த நுண்லென்ஸ்கள் ஒளியை வேண்டுமென்றே திரைக்கு முன்னால் குவித்து, ‘போதும், நில்’ என்று கண்ணுக்குச் சொல்கின்றன. கோழிக்குஞ்சு கற்றுத் தந்த பாடம்! இதே வேலையைச் செய்யும் கான்டாக்ட் லென்ஸும், தூங்கும்போது அணிந்து காலையில் கழற்றும் லென்ஸும் இருக்கின்றன. எதுவும் நீண்ட கண்ணைத் திருப்பிக் குறுக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். எது பொருந்தும் என்பதைக் கண் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பெரியவர்களுக்கு லேசர் உண்டு. 18 வயது தாண்டி, ஓராண்டாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கருவிழி போதிய தடிமனோடு இருக்க வேண்டும். லேசர் கருவிழியைத் தட்டையாக்குகிறது, சரி. ஆனால் உள்ளே கண் அதே நீளத்தில்தான் இருக்கிறது, இழுபட்ட விழித்திரையும் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிய சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மைனஸ் 6-க்கு மேல் இருந்தவர்கள், லேசர் செய்திருந்தாலும், கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கறுப்புத் துளையை) விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்துகொள்வது நல்லது. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலிருந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலத் தெரிந்தாலோ நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். விழித்திரை பிய்ந்து விலகுவதற்கான அறிகுறிகள் இவை. வலி இருக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். விழித்திரையின் நடுப்பகுதி ஒட்டியிருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்துவிட்டால், பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.