ஸ்லாமிங்: தமிழில் என்ன சொல்வது?

வேகப் படகில் கடலுக்குள் போய் வந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாவிட்டாலும் அவர்களுடைய முதுகுக்குத் தெரிந்திருக்கும். படகின் முன்பகுதி ஓர் அலையின் முகட்டில் ஏறி அந்தரத்தில் நின்று, அடுத்த அலை மேல் தொம்மென்று விழும். அந்தக் கணத்தில் படகின் அடிப்பகுதி நீரிடம் வாங்கும் அடிதான் ஸ்லாமிங். அடி நீடிப்பது சில மில்லி விநாடிகள்தான். ஆனாலும் தகட்டை நெளிக்கவும் உள்சட்டத்தை விரிசல் விடவைக்கவும் அது போதும்.

ஸ்லாம் என்ற ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். ஓசையிலிருந்து பிறந்த சொல் அது. இன்று அதன் பழகிய பொருள், கதவை ஓங்கிச் சாத்துவது.

தமிழில் 'தாக்கம்' என்று எழுதலாம்தான். ஆனால் பட்ஜெட்டுக்கும் தாக்கம் உண்டு. 'மோதல்' என்றால் பாறையில் இடித்ததா, இன்னொரு படகில் இடித்ததா என்று கேட்கத் தோன்றும். என் தேர்வு 'அறை'. கோபத்தில் கதவை என்ன செய்கிறோம்? அறைந்து சாத்துகிறோம். முஷ்டியால் குத்துவோம், விரித்த உள்ளங்கையால்தான் அறைவோம். அந்தத் தட்டைத்தனம்தான் இங்கே விஷயமே.

கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கை கூப்பிப் பாய்ந்தால் நீர் வழிவிடும், வயிறு தட்டையாக விழுந்தால் தோல் சிவந்துவிடும். இதைக் கணக்காக்கியவர்கள் முதலில் யோசித்தது படகைப் பற்றி அல்ல, நீரில் இறங்கும் கடல் விமானங்களைப் பற்றி. 1929இல் தியோடர் ஃபான் கார்மான் அவற்றின் மிதவைகள் வாங்கும் அடியைக் கணக்கிட்டார். மிதவை இறங்கும்போது பக்கங்களில் நீர் மேலெழுவதையும் 1932இல் ஹெர்பர்ட் வாக்னர் சேர்த்துக்கொண்டார். அவருடைய சூத்திரப்படி, விழும் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். படகின் அடிப்பகுதி, நடுவில் நீளவாக்கில் ஓடும் அடிமரத்திலிருந்து இருபுறமும் 20 பாகை சரிந்து ஏறாமல் 10 பாகை மட்டுமே ஏறினாலும் உச்ச அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்குதான். அந்த உச்சமும் அடிமரத்தில் விழுவதில்லை, நீர் பீறிட்டுத் தெறிக்கும் ஓரத்தில் விழுகிறது.

அப்புறம் ஏன் எல்லாப் படகுக்கும் கூரான அடி வைப்பதில்லை? தட்டையான அடிதான் அமைதியான நீரில் குறைந்த விசையில் மேலெழுந்து சறுக்கும். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் அந்த ஆதாயத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, பின்முனை வரை சுமார் 24 பாகைச் சரிவு வைத்தார். அந்த வடிவில் வந்த 'மாப்பி' என்ற படகு, 1960இல் கொந்தளிப்பான கடலில் மயாமி–நசாவ் விசைப்படகுப் பந்தயத்தை வென்றது.

சரி, 'நீரறை' என்று முடித்துவிடலாமா? கப்பலில் உண்மையிலேயே நீர் நிரப்பும் அறைகள் இருப்பதால் குழப்பம் வரும். அதனால் ஸ்லாமிங்குக்கு 'நீரறைவு', அது தரும் பாரத்துக்கு 'நீரறைவுச் சுமை'.