கீழே கிடந்த பணத்தை எடுத்தால் சட்டம் என்ன கேட்கும்?

கீழே கிடந்ததை எடுத்தால் அது திருட்டு ஆகாது, அதனால் யாரும் கேட்க முடியாது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். இதில் பாதிதான் சரி. எடுப்பது குற்றமில்லை. எடுத்த பிறகு உரியவரைத் தேடாமல் நம்முடையதாக்கிக்கொள்வதுதான் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 403-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவு. முன்பு வெறும் அபராதத்தோடு விட்டுவிட நீதிபதிக்கு வழி இருந்தது. இப்போது குற்றம் நிரூபணமானால் குறைந்தது 6 மாதம் சிறை, அதிகபட்சம் 2 ஆண்டு, கூடவே அபராதமும் உண்டு.

எல்லை எங்கே என்பதைச் சட்டமே உதாரணங்களோடு சொல்கிறது. சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் குற்றமில்லை. ஒருவர் பர்ஸைத் தவறவிடுவதைக் கண்ணால் பார்த்து, கொடுத்துவிடலாம் என்று எடுத்துவிட்டு, அப்புறம் மனம் மாறி வைத்துக்கொண்டால் குற்றம். விலை உயர்ந்த மோதிரம் கிடைத்து, யாருடையது என்று விசாரிக்காமல் உடனே விற்றுவிட்டாலும் குற்றம். உரியவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுத்தீர்களா, அவர் வந்து கேட்க நியாயமான அவகாசம் கொடுத்தீர்களா, அதுதான் கேள்வி. எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை, சம்பவத்தைப் பொறுத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இந்தப் பார்வை எனக்குச் சரியாகவே படுகிறது. தனியாகப் பறந்து வந்த ஒரு பத்து ரூபாய் நோட்டுக்கு ஆள் தேட முடியாது. ஆனால் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய நோட்டுக் கட்டு என்றால் அது யாரோ கட்டப்போன சீட்டுப் பணமாக இருக்கும், அல்லது ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனதாக இருக்கும். தவறவிட்டவர் வந்த வழியே தேடிக்கொண்டு திரும்பி வருவார். அதனால் கிடைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்துவிடும். பர்ஸ் என்றால் இன்னும் சுலபம். ஆதார் இல்லாவிட்டாலும் மருந்துக் கடை பில்லோ அடகுக் கடை ரசீதோ உள்ளே இருக்கும், அந்தக் கடையில் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். ஏ.டி.எம். கார்டு இருந்தால் அந்த வங்கிக் கிளையில் சொல்லுங்கள், அவர்களே வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். வாட்ஸ்அப்பில் போடுவதானால் எவ்வளவு பணம், என்னென்ன நோட்டு என்பதை மட்டும் சொல்லாதீர்கள். கேட்டு வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான். நல்லவர்கள் தயங்குவது இங்கேதான், நம்மையே சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்ற பயம். அதற்கு எழுத்துதான் பாதுகாப்பு. எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கிடைத்தது, எந்த நோட்டு எத்தனை என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றதில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள், உங்கள் மனுவை ஸ்டேஷனில் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கேளுங்கள். ரசீது இல்லாமல் பணத்தை மேஜையில் வைத்துவிட்டு வராதீர்கள். பஸ்ஸில் கிடைத்தால் நடத்துனரிடமோ டிப்போவிலோ கொடுக்கலாம், ரயில் என்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம். ஏ.டி.எம். எந்திரத்தில் முந்தையவர் எடுக்காமல் விட்டுப்போன பணத்தை நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த வங்கியில் ஒப்படையுங்கள், யார் எடுத்த பணம் என்பது பதிவில் இருக்கும்.

போலீஸார் இதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கும்போது, உரியவர் தெரியாவிட்டால் 6 மாதத்துக்குள் உரிமை கோரலாம் என்று அவர் அறிவிப்பு வெளியிடலாம். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 503, 504-வது பிரிவுகள். யாருமே வரவில்லை என்றால் கண்டெடுத்தவருக்கே கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அப்படி ஓர் உறுதி இந்தப் பிரிவுகளில் இல்லை. பணம் மாநில அரசின் வசம் போகலாம். ஜப்பானில் உரியவர் வந்தால் கண்டெடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வெகுமதி உண்டு, 3 மாதம் யாரும் வராவிட்டால் பொதுவாகப் பொருளே அவருக்குத்தான். நேர்மையாக நடந்தவரைச் சட்டம் கௌரவிக்க வேண்டும், நம் ஊரிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும்.

வெகுமதி பற்றி நம் சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 168-வது பிரிவுப்படி, உரியவர் இவ்வளவு தருகிறேன் என்று குறிப்பிட்டு அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கே போடலாம், தரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். அறிவிக்காத வெகுமதியைக் கேட்டு வழக்குப் போட முடியாது.

இன்றைக்கு அதிகமாக நடப்பது ஜி.பே.யில் தவறி வரும் பணம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அதற்காக யாரோ போன் செய்து அனுப்பும் லிங்க்கிலோ க்யூ.ஆர். கோடிலோ கொடுத்துவிடாதீர்கள், அது மோசடியாகவும் இருக்கலாம். தொகையைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு, உங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுத்து அவர்கள் வழியாகவே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் அதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழி தோண்டிய கூலித் தொழிலாளிக்குத்தான் பெரிய பங்கு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விபத்தில் இறந்தவர் சட்டைப்பையில் இருந்த பணத்தையோ கழுத்துச் சங்கிலியையோ எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 315-வது பிரிவில் தனிக் குற்றம், 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால், இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து எண்ணி, வரும் போலீஸ்காரரிடமோ ஆம்புலன்ஸ் ஊழியரிடமோ எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள்.